பழைய ரிவால்வரின் வயதையும் விலையையும் கண்டுபிடிப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

குடும்பச் சொத்தாக வந்திருக்கலாம், பழைய வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்திருக்கலாம், சேகரிப்புக்கென்று வாங்கியதாகவும் இருக்கலாம். பழைய ரிவால்வர் ஒன்று எந்த வழியில் வந்தாலும் உடனே எழும் கேள்விகள் இரண்டு. இது எந்த வருஷத்தது? என்ன விலை போகும்? எங்கள் குடும்பத்துக்கு ஒன்று வந்தபோது இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைக்க நிறைய அலைய வேண்டியிருந்தது. கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருஷம் சொன்னார்கள். விலையிலோ ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த வேலையை முதலில் செய்வது, எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும். அதனால் அதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வயது கூடினால் விலையும் கூடும் என்று ஒரு விதி கிடையாது. 1890களில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய மலிவான சட்டைப்பை ரிவால்வர் இன்றும் மலிவாகத்தான் போகிறது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1955இல் அறிமுகப்படுத்திய பைத்தான் மாடலின் தொடக்க காலத் துப்பாக்கி ஒன்று, நல்ல நிலையில் பெட்டியோடு இருந்தால், அதைப்போலப் பல மடங்கு விலைக்குப் போகும்.

1. முதலில் பாதுகாப்பு, உடனே சட்டம்

எந்தப் பழைய ரிவால்வரையும் உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். 'எத்தனையோ வருஷமாகச் சும்மா கிடந்தது' என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. தோட்டா வருவதற்கு முந்தைய காலத்து ரிவால்வர்களில் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் சிலிண்டர் அறைக்குள் நேரடியாக அடைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது, நூறு வருஷம் கழித்தும் வெடிக்கக்கூடும். திறக்கத் தெரியாவிட்டால் திறக்க முயல வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காலி செய்து தரச் சொல்லுங்கள். சுட்டுப் பார்த்துச் சோதிக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். வயதைக் கண்டுபிடிக்கவும் விலை போடவும் அது தேவையே இல்லை.

அடுத்தது உரிமம். உங்கள் பெயரில் அனுமதி இல்லாமல் அந்த ஆயுதம் வீட்டில் இருப்பதே குற்றமாக இருக்கலாம். இறந்தவரின் உரிமம் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. காவல்துறைக்கோ உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கோ முதலில் போனில் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு நேராக நிலையத்துக்குள் நுழையாதீர்கள். பல இடங்களில் உரிமம் மாறும்வரை ஒரு உரிமம் பெற்ற வியாபாரியிடமோ காவல்துறையிடமோ ஒப்படைத்து வைக்கச் சொல்வார்கள். அப்படி ஒப்படைக்கும்போது சீரியல் எண் எழுதிய ரசீதை வாங்காமல் வராதீர்கள். பின்னால் எல்லா வேலைக்கும் அந்தக் காகிதம்தான் அடிப்படை.

சட்டத்துக்கும் வயதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை தயாரானது பழம்பொருள்; 1899இல் தயாரானது சாதாரணத் துப்பாக்கி. கனடாவில் 1898க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட சில தோட்டாக்களுக்கானதாக இருக்கக் கூடாது. பிரிட்டனில் 2021 முதல் 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததா என்று பார்ப்பதோடு, அதன் தோட்டா வழக்கொழிந்த பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பழம்பொருளுக்கு எந்தச் சலுகையும் தராத நாடுகளும் உண்டு. ஆகவே இணையத்தில் யாரோ 'இது பழம்பொருள், உரிமம் வேண்டாம்' என்று எழுதியிருந்தால், அவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள்.

2. துடைக்காதீர்கள்

இதைத் தனித் தலைப்பாகவே போட வேண்டும். பழைய ரிவால்வரின் மதிப்பை அதிகம் கெடுப்பது துருவோ உடைசலோ இல்லை, வீட்டில் நடக்கும் 'சுத்தம்'. உலோகப் பாலிஷ், உப்புத்தாள், இரும்பு நார், புதிதாக நீலப் பூச்சு இதெல்லாம் அசல் மேற்பரப்பை நிரந்தரமாக அழித்துவிடும். போன பூச்சை எந்த நிபுணராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மென்மையான துணியில் ஒரு துளி துப்பாக்கி எண்ணெய் தொட்டு லேசாகத் தடவலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். துரு ஏறியிருந்தாலும் அப்படியே விட்டு, விலை தெரிந்தபின் முடிவு செய்யுங்கள்.

தோல் உறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். ஆனால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பெட்டி, ரசீது, கடிதம், பழைய உரிமத்தாள், அதே ரிவால்வர் தெரியும் குடும்பப் புகைப்படம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனப் பெட்டிகளின் அடியில் சீரியல் எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். அந்த எண் துப்பாக்கியோடு ஒத்துப்போனால் பெட்டிக்கே நல்ல விலை உண்டு.

3. படமும் குறிப்பும்

காலி என்று உறுதியானபின், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக, குழலின் மேற்பகுதி, பிடியின் அடிப்பகுதி, சிலிண்டரின் முன்னும் பின்னும், எந்த எழுத்தும் எண்ணும் சின்னமும் விடுபடாமல் நெருக்கமாக. தேய்ந்த முத்திரைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெளிந்து வரும்.

குழல் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சிலிண்டர் பக்கம் குழல் தொடங்கும் முனையிலிருந்து வாய் வரைக்கும்தான் அளவு. சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது. நிறைய பேர் சேர்த்து அளந்துவிட்டு, 'பட்டியலில் இல்லாத அரிய நீளம்' என்று நம்பிவிடுகிறார்கள். அப்புறம் தோட்டா எத்தனை கொள்ளும், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிறதா, துப்பாக்கியே நடுவில் மடிகிறதா, இல்லை பக்கத்திலுள்ள சின்னக் கதவு வழியாக ஒவ்வொன்றாகப் போட வேண்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மடியும் வகை ஸ்மித் அண்ட் வெசனில் 1870இல் வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் கோல்ட் 1889இல் வந்தது. இவ்வளவு தெரிந்தாலே பல தவறான வருஷங்கள் கழிந்துபோகும்.

4. சீரியல் எண்ணைச் சரியான இடத்தில் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு ரிவால்வரில் நாலைந்து இடத்தில் எண்கள் இருக்கும். எல்லாமே சீரியல் எண் இல்லை.

பழைய ஸ்மித் அண்ட் வெசனில் உண்மையான எண் பிடியின் அடிப்பகுதியில் இருக்கும். சிலிண்டரைத் திறந்தால் அதைத் தாங்கும் கையிலும் எதிரே சட்டகத்திலும் (துப்பாக்கியின் உடல் பகுதி) தெரிவது பெரும்பாலும் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது போட்ட எண்தான். 1957க்குப் பிறகு மாடல் எண்ணும் அங்கேயே வந்தது. கோல்ட் நிறுவனத்தின் 'போலீஸ் பாசிட்டிவ்', 'அஃபிஷியல் போலீஸ்' போன்றவற்றில் கதை நேர் எதிர்: சிலிண்டர் தாங்கி உட்காரும் அந்த இடத்தில்தான் சரியான சீரியல் எண் இருக்கும். எங்கள் ரிவால்வரைப் பார்த்து உடனே வருஷம் சொன்ன வியாபாரி ஒருவரிடம் எந்த எண்ணை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பொருத்து எண்ணைக் காட்டினார். அவர் சொன்ன வருஷமும் விலையும் அதோடு போயின. யார் வருஷம் சொன்னாலும் எந்த எண்ணிலிருந்து சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

பிடியின் அடிப்பகுதியை மூடும்படி பெரிய மரப்பிடி மாட்டியிருந்தால் எண் அதற்குள் மறைந்திருக்கும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். சிதைந்த திருகுத் தலை வாங்குபவர் கண்ணில் முதலில் படும்.

எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். ஸ்மித் அண்ட் வெசனில் எண்ணுக்கு முன் ஆங்கில 'வி' இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க்கால விக்டரி மாடல், 1942 முதல் 1945 வரை. அதே குடும்பத்து .38 ரிவால்வரில் 'சி' என்றால் 1948 முதல். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற மாடல் 1873இல் தொடங்கி, 357859 என்ற எண்ணோடு முதல் தலைமுறை முடிந்தது. 1956இல் மீண்டும் தொடங்கியபோது எண்ணுக்குப் பின்னால் 'எஸ்.ஏ.' என்று போட்டார்கள். அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் 1950களின் துப்பாக்கியை 1870களுக்குத் தள்ளிவிடுவீர்கள்.

இன்னொரு பொறி: எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணையில் தேடுவது. பழைய காலத்தில் ஸ்மித் அண்ட் வெசன் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக 1இலிருந்து எண் போட்டது. ஒரே எண் பல மாடல்களில் இருக்கும். ஆகவே முதலில் மாடல், அப்புறம்தான் எண்.

5. தேதி போலத் தெரிவதெல்லாம் தயாரித்த தேதி இல்லை

குழலின் மேலோ சட்டகத்திலோ வருஷங்கள் செதுக்கியிருந்தால் பெரும்பாலும் அவை காப்புரிமை தேதிகள். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் சட்டகத்தில் 1871, 1872, 1875 என்று இருக்கும். 1920களில் செய்த துப்பாக்கியிலும் அதேதான் இருக்கும். ரெமிங்டனின் 'நியூ மாடல் ஆர்மி'யில் 1858 செப்டம்பர் 14 என்ற காப்புரிமை தேதி இருப்பதால் எல்லோரும் அதை '1858 ரெமிங்டன்' என்றே சொல்கிறார்கள். உற்பத்தி தொடங்கியது 1863இல். காப்புரிமை தேதி ஒரு விஷயத்தை மட்டும் சொல்லும்: இருப்பதிலேயே கடைசித் தேதிக்கு முன்னால் இது செய்யப்படவில்லை. அவ்வளவுதான்.

உண்மையான தேதியைச் செதுக்கியவையும் உண்டு, பெரும்பாலும் ராணுவத் தயாரிப்புகள். ரஷ்யாவின் 1895 மாடல் நாகந்த் ரிவால்வரில் சட்டகத்தின் இடப்பக்கம் வருஷம் இருக்கும். பிரான்சின் 1873 மாடலில் குழலின் வலப்பக்கம் 'எஸ்' என்ற எழுத்தோடு வருஷம் வரும். பிரிட்டனின் என்ஃபீல்ட் நம்பர் 2 ரிவால்வரிலும் வருஷம் உண்டு.

அடுத்து, சோதனை முத்திரைகள். பல ஐரோப்பிய நாடுகளில் துப்பாக்கியை விற்பதற்கு முன் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவது சட்டம். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால் அதுவே ஒரு நாட்காட்டி. பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை, நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற எழுத்துகள். 1893இல் அதன் மேல் கிரீடம் சேர்ந்தது. கிரீடம் இல்லையென்றால் அதற்கு முந்தையது. 1922 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் போட்டார்கள். ஸ்பெயினில் 1927இலிருந்து ஆண்டெழுத்து. இத்தாலியில் 1945 முதல் ரோமன் எண்ணிலும் 1975 முதல் இரட்டை எழுத்திலும் ஆண்டு வரும்.

இந்த இத்தாலிய முத்திரைதான் போலிகளைப் பிடிக்கச் சுலபமான வழி. 1851 நேவி, 1860 ஆர்மி, 1858 ரெமிங்டன் என்று 19ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தோடு வரும் பல துப்பாக்கிகள் 1950களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியில் செய்த நகல்கள். நட்சத்திரத்தின் கீழே 'பி.என்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது கருப்பு வெடிமருந்துக்கான இத்தாலியச் சோதனை முத்திரை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துருவேற்றிப் பழசாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். குழலின் அடியிலோ சட்டகத்திலோ ஒரு சின்ன இடம் மட்டும் பள்ளமாகவோ வழவழப்பாகவோ தெரிந்தால் கவனம்.

அமெரிக்காவில் அரசு சோதனைச் சாலை கிடையாது. ஓர் அமெரிக்க ரிவால்வரில் பர்மிங்காம் அல்லது லண்டன் முத்திரை இருந்தால் அது எப்போதோ பிரிட்டன் வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். போருக்குப் பின் அங்கே விற்ற விக்டரி மாடல்களின் குழலில் '.38', '.767', '3½ டன்' என்றெல்லாம் இருக்கும். பார்ப்பவர்கள் மாடல் எண் என்று நினைத்துத் தேடுவார்கள். தோட்டா அளவும் சோதனை அழுத்தமும்தான் அவை. 'நாட் இங்கிலிஷ் மேக்' என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் 1925க்குப் பின் பிரிட்டனில் சோதித்த வெளிநாட்டுத் தயாரிப்பு. அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால் அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது.

பிராண்ட் பெயரும் ஏமாற்றலாம். ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் ஸ்மித் அண்ட் வெசனைப் பார்த்துச் செய்த நகல்களில், குழலின் மேல் 'ஸ்மித் அண்ட் வெசன் தோட்டாவுக்கு ஏற்றது' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். நிறுவனப் பெயர் பெரிதாகவும் மற்ற சொற்கள் பொடியாகவும் இருக்கும். வரி முழுவதையும் படியுங்கள்.

6. தொழிற்சாலைக் கடிதம் வாங்குவது

மாடலும் எண்ணும் உறுதியானபின் கையில் எடுக்க வேண்டிய நல்ல ஆவணம் இது. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகமும், ஸ்மித் அண்ட் வெசனின் பதிவுகளை வைத்திருக்கும் வரலாற்று அறக்கட்டளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள ரிவால்வர் எந்தத் தேதியில், எந்தக் கடைக்கு, எந்தக் காலிபர் (தோட்டா அளவு), எவ்வளவு நீளக் குழல், எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகின்றன. கட்டணம் நூறு டாலரைச் சுற்றி இருக்கும், சில மாடல்களுக்கு அதைவிட அதிகம். விண்ணப்பிக்கும் அன்று அவர்களுடைய கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வர சில வாரம் முதல் சில மாதம் ஆகலாம். விண்ணப்பத்தோடு எண், மாடல், குழல் நீளம், எல்லா முத்திரைகளும் தெரியும் படங்கள் கேட்பார்கள். மூன்றாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது ஒரே மாலையில் முடிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தில் இருப்பது அனுப்பிய தேதி, செய்த தேதி இல்லை. ஸ்மித் அண்ட் வெசனில் எண் வரிசைப்படி அனுப்பும் வழக்கமே இருக்கவில்லை. செய்த துப்பாக்கி வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்ததும் உண்டு. அவர்களுடைய நியூ மாடல் நம்பர் 3 ரிவால்வர் 1912 வரை விலைப்பட்டியலில் இருந்தது. சட்டகங்கள் 1899க்கு முன்பே செய்து முடிக்கப்பட்டவை. அமெரிக்கச் சட்டப்படி பழம்பொருளா இல்லையா என்ற கேள்வியில் இந்த வித்தியாசம்தான் முடிவு சொல்லும்.

கடிதம் பதிவேட்டைப் பற்றிச் சொல்கிறது, உங்கள் கையிலிருக்கும் இரும்பைப் பற்றி அல்ல. பதிவேட்டில் ஆறு அங்குலக் குழல், நீலப் பூச்சு என்று இருந்து, கையில் இருப்பது நாலு அங்குலம், நிக்கல் என்றால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கடிதம் இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது.

எல்லா நிறுவனத்துக்கும் பதிவேடு இல்லை. கோல்டின் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலை 1864இல் தீப்பிடித்ததில் பழைய பதிவுகள் நிறைய போய்விட்டன. ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் போன்ற மலிவு விலைத் தயாரிப்பாளர்களுக்கு இப்படிக் கடிதம் வாங்கும் வசதியை எதிர்பார்க்க வேண்டாம். அவற்றில் உள்ளமைப்பை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். ஐவர் ஜான்சனில் முதன்மை ஸ்பிரிங் தட்டையான பட்டையாக இருந்தால் கருப்பு வெடிமருந்துக் காலம், சுருளாக இருந்தால் 1909க்குப் பின் என்பது பரவலாகப் பயன்படும் அடையாளம். நூறு டாலர் கடிதம் வாங்கும் அளவுக்கு மதிப்பில்லாத துப்பாக்கிக்குக் கடிதம் வாங்குவதும் வீண்தான். அடுத்த இரண்டு படிகளை மேலோட்டமாகச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

7. அசல் நிலையில் இருக்கிறதா

விலையைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி இது. இதைக் கண்ணால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பூச்சில் தொடங்குங்கள். தொழிற்சாலையில் பாலிஷ் போட்டபோது விளிம்புகள் கூர்மையாகவும் எழுத்துகள் தெளிவாகவும் இருந்திருக்கும். பின்னால் யாராவது தேய்த்து மறுபூச்சு போட்டிருந்தால் விளிம்பு மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணமாகக் குழியும், முத்திரைகள் மங்கிப் பூச்சுக்குள் அமுங்கும். பழைய ஸ்மித் அண்ட் வெசனில் சுத்தியலும் விசையும் கடினப்படுத்திய உலோகத்தின் வண்ணத் திட்டுகளோடு வரும். நிக்கல் ரிவால்வரிலும் அவற்றுக்கு நிக்கல் போட மாட்டார்கள். சுத்தியலும் விசையும் சேர்த்துப் பளபளவென்று நிக்கல் பூசியிருந்தால் பெரும்பாலும் வெளியே பூசியதுதான். சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் துப்பாக்கி தொழிற்சாலைக்கே திரும்பிப்போய் வேலை பார்க்கப்பட்டிருக்கிறது. பிடிக்குள் மறைந்த சட்டகத்தில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கலாம். தொழிற்சாலை மறுபூச்சு வெளிப் பூச்சைவிட மேல், அசலைவிடக் கீழ்.

பாகங்களின் எண்கள் அடுத்தது. ஸ்மித் அண்ட் வெசனில் பிடியின் அடியிலுள்ள எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் வலப்பக்க மரப்பிடியின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் விலை இறங்கும். ரஷ்ய நாகந்தில் எச்சரிக்கை வேண்டும்: படைக்கலச் சாலையில் புதுப்பித்தபோது வேறு துப்பாக்கிகளின் பாகங்களில் எண்ணைத் திருத்தி ஒத்துப்போக வைத்தார்கள். எண் ஒத்துப்போவதாலேயே அது அசல் ஜோடி ஆகாது.

பிறகு, பின்னால் செய்த மாற்றங்கள். பிரிட்டிஷ் நிறுவனமான வெப்லியின் .455 ரிவால்வர்கள் பலவற்றில் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, .45 தானியங்கித் தோட்டா போடும்படி செய்திருக்கிறார்கள். சேகரிப்பாளருக்கு அது குறைபாடு. அந்தத் தோட்டாவின் அழுத்தம் அந்தப் பழைய துப்பாக்கிக்கு அதிகம் என்பதால் ஆபத்தும்கூட. பிரிட்டனுக்குப் போன விக்டரி மாடல்களில் சிலிண்டர் அறையை நீளமாகக் கடைந்து .38 ஸ்பெஷல் போட வைத்தார்கள். வெட்டிய குழல், மாற்றிய குறிமுள், புதுப் பிடி, பெயர் பொறித்தல் இவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

தந்தப் பிடி இருந்தால் தனிச் சிக்கல். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1989இல் தடைசெய்ய முடிவெடுத்தது. பழம்பொருள் என்றாலும் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் தேவைப்படும், சில இடங்களில் உள்நாட்டிலேயே விற்க முடியாது. விற்பனைக்குக் கொடுக்கும் முன்பே ஏல நிறுவனத்திடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

8. விலை போடுவது

நிலையைச் சொல்ல ஒரு பொது மொழி இருக்கிறது. அமெரிக்க ரைபிள் சங்கத்தின் தர வரிசைதான் பரவலாகப் புழங்குவது. பழம்பொருளில் 'எக்ஸலன்ட்' என்றால் அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல், 'ஃபைன்' என்றால் 30க்கு மேல். நவீனத் துப்பாக்கிக்கும் பழம்பொருளுக்கும் அளவுகோல் தனித்தனி. நம் கண்ணுக்கு 90 சதவீதம் என்று தெரிவது நிபுணருக்கு 60ஆகத்தான் தெரியும். ஒரு படி குறைத்தே எழுதுங்கள். தரத்தில் ஒரு படி இறங்கினால் நல்ல மாடல்களின் விலை பாதியாகக்கூடக் குறையலாம்.

விலைக்கு விற்ற விலையைப் பாருங்கள், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இணையத்தில் ஒருவர் பெரிய தொகை போட்டு வருஷக்கணக்கில் விற்காமல் வைத்திருப்பார். அது ஒரு விலையே இல்லை. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் முடிவுகளை வெளியிடுகின்றன. அதே மாடல், அதே காலிபர், அதே குழல் நீளம், அதே நிலை என்று சிலவற்றைத் தேடி, கடந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். விற்றவர் கைக்குப் போகவே போகாது.

கதைக்கும் விலை உண்டு, ஆனால் காகிதம் இருக்கும் கதைக்கு. பில்லி தி கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரிஃப் பாட் காரெட்டின் கோல்ட் 2021இல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் துப்பாக்கி யார் யார் கை மாறியது என்பதற்கு ஆவணத் தொடர் இருந்தது. ஓவியர் வான் கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாக நம்பப்படும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ரிவால்வர், வயலில் புதைந்து துருப்பிடித்து உருக்குலைந்தது, 2019இல் பாரிஸில் 1,62,500 யூரோவுக்கு விற்றது. கிடைத்த இடம், காலிபர், எவ்வளவு காலம் மண்ணில் கிடந்தது என்ற ஆய்வு இவைதான் அந்த இரும்புத் துண்டுக்கு விலை கொடுத்தன. 'தாத்தா சொன்னார்' என்பதை மட்டும் வைத்து விலை உயராது. அந்தக் கதையைச் சொல்லும் பழைய கடிதம், உரிமம், எண் எழுதிய பதிவு ஏதாவது இருந்தால் அதைத் தேடி எடுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால், அவருக்குத் தெரிந்ததை எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.

எழுத்து மூலம் மதிப்பீடு வேண்டுமென்றால் எதற்காக என்று முதலிலேயே சொல்லுங்கள். காப்பீட்டுக்குப் போடும் விலை அதிகமாக இருக்கும், வாரிசுப் பங்கீட்டுக்குப் போடுவது சந்தை விலை, வியாபாரி உடனே பணம் தருவதாகச் சொல்வது அதைவிட நன்றாகக் குறைவு. மூன்றும் ஒரே துப்பாக்கிக்கு வரும்போது யாரோ ஏமாற்றுவதாகத் தோன்றும். அப்படி இல்லை. மதிப்பீட்டாளருக்கு நிலையான கட்டணம் கொடுங்கள். விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் போகாதீர்கள். மதிப்பிடுபவரே 'நானே எடுத்துக்கொள்கிறேன்' என்றால் இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதிக்க வேண்டாம்.

9. விற்பதாக இருந்தால்: காலமும் செலவும்

ஏலத்துக்குக் கொடுத்தால் பட்டியலில் சேர்த்து, படம் எடுத்து, ஏலம் நடந்து, பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். கொடுக்கும் முன் விற்பவர் கமிஷன், படக் கட்டணம், காப்பீடு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு என எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். நல்ல துப்பாக்கிக்கு விற்பவர் கமிஷனைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். குறைந்தபட்ச விலை வைக்க வேண்டுமானால் அதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கிகளுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனத்தைத் தேடுங்கள். மேசை நாற்காலியோடு சேர்த்து விற்கும் இடத்தில் சரியான வாங்குபவர்கள் வருவதில்லை.

வியாபாரிக்கு நேரடியாகக் கொடுத்தால் வேலை அன்றே முடியும், சந்தை விலையில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ கிடைக்கும். மலிவான மாடலுக்கு அதுவே நியாயமான வழி. ஏலச் செலவிலேயே அந்த விலை கரைந்துவிடும்.

எப்படி விற்றாலும் உரிம மாற்றம் முடியாமல் ஆயுதத்தைக் கை மாற்றாதீர்கள். சாதாரண அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்புவது பல நாடுகளில் குற்றம். வாங்குபவரின் உரிம நகல், சீரியல் எண் எழுதிய விற்பனை ரசீது, தொழிற்சாலைக் கடிதத்தின் நகல், நீங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பற்றிப் பின்னால் யாராவது விசாரித்து வந்தால் காட்ட அது இருக்கும்.